கண்ணுக்கு வந்தவரிடம் முதுகைக் கேட்ட டாக்டர்

படச்சட்டம் போடுகிறவரின் வலது கண் செக்கச்செவேலென்று சிவந்ததும் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் முளைத்தது. அவருக்கோ சந்தேகமே இல்லை. கண்ணாடி வெட்டும்போது தூள் விழுந்திருக்கிறது. கண்ணைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். தூள் வந்தபாடில்லை. வெளிச்சம் கூசியது, அளவுகோலின் கோடுகள் புகைமூட்டத்தில் கரைந்தன. கோடு தெரியாமல் கண்ணாடியை எப்படி வெட்டுவது? கடை ஷட்டர் பாதி இறங்கியது.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பொறுப்பை எதிர்வீட்டு மாடி அக்கா, யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. அக்கா. டாக்டர் அறைக்குள் என்ன நடக்கும் என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

டாக்டரம்மா கருவி வழியே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தூளெல்லாம் இல்ல. கண்ணுக்குள்ளயே அழற்சி. காலையில எந்திரிக்கிறப்ப முதுகு பிடிச்சுக்குமா?"

"நான் கண்ணைக் காட்ட வந்தேன், டாக்டர்."

"தெரியுது. முதுகு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அக்காவுக்கு நாக்கு நமநமவென்றது. "பொய், டாக்டர்! காலையில வாசல்ல கிடக்கிற பேப்பரைக் குனிஞ்சு எடுக்கவே மாட்டாரு. கால் விரலால இழுத்துக்கிட்டே உள்ள போவாரு. மத்தியானம் பார்த்தா அதே ஆளு குனிஞ்சு கண்ணாடி தூக்குவாரு!"

"இதை எப்பக்கா பார்த்தீங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப, தம்பி."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளியாளை விரட்ட உடம்புல ஒரு காவல் படை இருக்கு. சிலருக்கு அது ஆள் தெரியாம சொந்த முதுகெலும்பு மூட்டுகளையே அடிக்கும். கண்ணுக்குள்ளயும் புகுந்து அடிக்கும். இங்கயும் அதுதான்னு சந்தேகப்படறேன். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். மூட்டு டாக்டரையும் பாருங்க. சொட்டு மருந்தை மட்டும் இன்னிக்கே ஆரம்பிச்சிடணும். இப்படியே விட்டா பார்வை போயிடும்."

படச்சட்டக்காரர் உடனே மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினார். அக்காவோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அடிக்க எவ்வளவோ இடம் இருக்க, அது ஏன் டாக்டர் கண்ணைத் தேடிப் போகுது?"

"முழுசா எங்களுக்கே தெரியாது. தேடிட்டிருக்கோம்."

அக்காவுக்கு மரியாதை பொங்கியது. அவள் தெருவில் 'தெரியாது' என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

சொட்டு மருந்து உள்ளே போகப் போக, சிவப்பு வடிந்து புகை விலகியது. ஷட்டரும் முழுதாக மேலேறியது. மூட்டு டாக்டரும் சந்தேகம் சரிதான் என்று முதுகுக்கு மருந்து கொடுத்தார். ஒரு காலை, பேப்பர் எடுக்க வந்தவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"கண்ணு எப்படி இருக்கு தம்பி?"

"பளிச்சுன்னு தெரியுதுக்கா. செடியைத்தான் காணோம்."

அக்கா அசரவில்லை. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, கையாலேயே பேப்பரை எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்தினாள்.