கணுவில்லாத நாற்பத்தொன்று

எங்கள் ஊரில் வழி சொல்வது சுலபம். பாலத்தைத் தாண்டி, தேவாலயத்தைத் தாண்டி, எழுத்துப் போட்ட வீடு வந்ததும் இடது பக்கம் திரும்பு என்பார்கள். அந்த எழுத்துப் போட்ட வீடு என்னுடையது.

எழுத்து என்றால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிச்சுவருக்குப் பலகை அடிப்பதற்கு முன்னால், ஈரம் உள்ளே போகாமலிருக்க வீட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் துணியைச் சுற்றுவோம். அதில் முழத்துக்கு ஒன்றாகக் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கும். அமெரிக்காவின் இந்த மெயின் மாநிலத்தில் அந்தத் துணியோடு இரண்டு மூன்று குளிர்காலம் நின்ற வீடுகள் எத்தனையோ உண்டு. வேலை முடியாத வீட்டுக்கு வரி குறைச்சல் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம். என் வீடு நின்றது பதினோரு குளிர்காலம். என் பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே எங்கள் சுவரைப் பார்த்துத்தான்.

செப்டம்பரில், தேவாலயத்தில் ஊருக்கே போடும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வண்டியில் ஆர்லீன் நிதானமாகச் சொன்னாள். முப்பத்தாறு வருடமாக என் மனைவி, கத்துகிற வழக்கமில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது.

"நவம்பர் முதல் சனிக்கிழமை பாலின் காரோட வரா. அதுக்குள்ள சுவர்ல பலகை ஏறலேன்னா, நான் பாங்கோர்ல அவ வீட்டுல குளிர்காலம் முழுக்க இருந்துட்டு ஏப்ரல்ல வரேன். இன்னொரு வருஷம் இந்தத் துணி படபடக்கறதக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க என்னால ஆகாது, லேலண்ட்."

பாலின் அவளுடைய அக்கா. அவள் வீட்டுச் சுவர் முழுக்க வெண்ணெய் நிற பிளாஸ்டிக் தகடு. அதைப் பற்றி நான் பல வருடங்களாகப் பல நகைச்சுவைகள் சொல்லியிருக்கிறேன். அன்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை டெல்மண்டின் மர ஆலைக்குக் கிளம்பினேன். தானும் வருவதாகச் சொல்லி ஆர்லீன் வண்டியில் ஏறிக்கொண்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமும் தனியாகத்தான் போய் வந்திருக்கிறேன். போனபோதெல்லாம் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன்.

டெல்மண்டின் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. அடுக்கைப் பிரித்து எந்தப் பலகையை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பிரித்தவன்தான் திருப்பி அடுக்க வேண்டும், காற்றோட்டத்துக்கு நடுவில் வைக்கும் குச்சிகளோடு. நான் ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பைன் மரப் பலகைகளை ஒன்றொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பார்த்து, முகர்ந்து, திருப்பிப் போட்டு, உதட்டைப் பிதுக்கி, அழகாக அடுக்கிவைத்துவிட்டு வருவேன். எங்கள் மாவட்டத்திலேயே என்னைப் போலப் பலகை அடுக்க ஆளில்லை. வாங்கத்தான் வராது.

டெல்மண்ட் எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். ஆர்லீன் வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிது என்று அவனுக்குப் புரிந்தது. அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். எனக்குக் கொடுக்கவில்லை.

எத்தனை பலகை வேண்டும் என்று கேட்டாள். நாலு சுவருக்கும் பன்னிரண்டு அடிப் பலகை நூற்றெண்பது ஆகும் என்றான். "இருக்கா?" என்றாள். கொட்டகை நிறைய இருக்கிறது, இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்றான்.

"அப்ப இவன் பதினோரு வருஷமா இங்க வந்து என்ன பண்ணான்?"

நான் டெல்மண்டைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். முப்பது வருட நண்பன். என் கண் என்ன சொல்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தான்.

"அவனுக்குக் கணு இல்லாத பலகைதான் வேணுமாம், ஆர்லீன். ஒரு கணுகூட இருக்கக் கூடாதாம். அவ்வளவு சுத்தமா மரம் எங்க கிடைக்குது? அறுக்கும்போது எப்பவாவது ஒண்ணு வரும். வந்தா அவன் பேர் எழுதி மேல எடுத்து வைக்கிறேன். வந்து பாரு."

மேல்தளத்தில், கூரைக்கடியில், தூசு படிந்து கிடந்தது என் அடுக்கு. நான் அடுக்கியதுதான், குச்சிகளோடு. பலகைகள் வெயில் படாமலே தேன் நிறத்துக்கு மாறியிருந்தன. ஆர்லீன் விரலால் தொட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

அவள் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மனக்கணக்கு உடனே வரும்.

"பதினோரு வருஷத்துக்கு நாப்பத்தொண்ணு. மிச்சம் நூத்தி முப்பத்தொம்பது. இன்னும் முப்பத்தேழு வருஷம். தொண்ணூத்தெட்டு வயசுல ஏணில ஏறுவியா நீ?"

"டெல்மண்ட் பிடிச்சுப்பான்" என்றேன்.

"எனக்கு நூறு ஆயிருக்கும்" என்றான் டெல்மண்ட். "இருந்தாலும் பிடிக்கறேன்."

ஏன் என்று கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொய்க்கு நேரமாகும். எனக்குச் சட்டென்று வாய்த்தது உண்மைதான். கல்யாணமான புதிதில் கடற்கரைப் பக்கம் கப்பல் கேப்டன் ஒருவரின் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். அவள் சுவரைத் தடவிக்கொண்டே, ஒரு கணுகூட இல்லையே, இப்படி ஒரு வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்றாள். மனதுக்குள் வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு சொந்தமாக வீடு கட்டியபோது அந்த வாக்கு ஞாபகம் வந்தது.

ஆர்லீன் பலகையிலிருந்து விரலை எடுத்தாள்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்ன."

"அன்னிக்கு மார்ச் மாசம், லேலண்ட். எனக்கு ஷூவுக்குள்ள தண்ணி. எப்படா வண்டிக்குப் போவோம்னு இருந்தது. அந்த வீட்டுக்காரக் கிழவி சுத்திக் காட்டிக்கிட்டே நின்னா, ஏதாவது நல்லதா சொல்லணுமேன்னு சொன்னேன்."

டெல்மண்ட் இயந்திரத்தில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கீழே இறங்கினான். இயந்திரம் ஓடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்கு உண்மைதான். ஆனால் ஜூலை மாதத்தில் மீன் பிடிக்கப் போகலாமா, ஏணியில் ஏறலாமா என்று வந்தபோதெல்லாம் அந்த வாக்கு எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. சோம்பலுக்குக் காதல் என்று பெயர் வைத்துப் பதினோரு வருடம் ஓட்டியவன் நான். அவளுக்கும் அது புரிந்திருக்கும். அதைச் சொல்லாமல், அடுக்கின் மேலிருந்த தூசியை மட்டும் தன் கையுறையால் துடைத்துவிட்டாள்.

பிறகு கீழே போய்ப் பலகை பொறுக்கினாள். கணுவைக் கட்டைவிரலால் அழுத்துவாள். சிவந்த கணு மரத்தோடு ஒட்டியிருக்கும், அசையாது. சரி என்று இடது பக்கம் போடுவாள். கறுத்த கணு செத்தது. வலது பக்கம் தள்ளுவாள். ஒன்று அழுத்தியதும் கழன்று விழுந்தது. அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"இதுல பாத்தா நீ கொஞ்சம் ஒல்லியாத் தெரியற" என்றாள்.

இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வலது பக்கம் தள்ளியதை நான் அடுக்கினேன்.

நாற்பத்தொன்றை என்ன செய்வது என்று டெல்மண்ட் கேட்டான். படுக்கையறைக்குள் அடிக்கலாம் என்று நான் சொல்லிப்பார்த்தேன். கணுவே இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு எவள் தூங்குவாள், ஆஸ்பத்திரி போல இருக்கும் என்றாள். வடக்குச் சுவருக்குச் சரியாக வரும், அங்கே அடி என்றாள். வடக்குச் சுவரை விறகுக் குவியலும் நானும்தான் பார்ப்போம். விறகுக்கு ரசனை கிடையாது.

அக்டோபர் முழுவதும் பலகைகளுக்கு முன்னும் பின்னும் முனையிலும் எண்ணெய்ச் சாயம் பூசினோம். அதற்கே மூன்று வாரம் போயிற்று. தெற்கும் கிழக்கும் ஏறின. நவம்பர் முதல் சனிக்கிழமை வடக்குச் சுவரில் பாதியில் நின்றோம். மேற்கே, சாலையைப் பார்த்த பக்கம், எழுத்துகள் அப்படியே இருந்தன.

பதினோரு மணிக்குப் பாலின் வந்தாள். காரை அணைக்காமல், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒப்பந்தப்படி பார்த்தால் நான் தோற்றிருந்தேன். நாலில் இரண்டரை. என் கையில் பலகையின் ஒரு முனை, ஆர்லீன் கையில் மறுமுனை. கிளம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு என்று கேட்க முகமில்லை.

"ஒரு நிமிஷம் பாலின்" என்று ஆர்லீன் ஏணியிலிருந்தே சொன்னாள். "பன்னெண்டு அடிப் பலகை. இவன் ஒருத்தனால பிடிக்க முடியாது."

அதை அடித்தோம். அடுத்ததை எடுத்தாள். அதையும் அடித்தோம். மூன்றாவதற்குப் பாலின் கண்ணாடியை இறக்கி, இது எப்போது முடியும் என்று என்னைக் கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக இந்த வீட்டைப் பற்றி நேர்மையாகப் பதில் சொன்னேன்.

"தெரியாது, பாலின்."

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை ஆணியை வாயில் வைத்திருந்தாள்; தலையை மட்டும் ஆட்டினாள். அது எந்தப் பக்கத் தலையாட்டல் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. கண்ணாடி ஏறியது. கார் பின்னோக்கி நகர்ந்து, சாலையில் திரும்பி, பாலத்தின் பக்கம் போனது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"லேலண்ட்" என்றாள் ஆர்லீன், ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "உன் முனை இறங்குது. தூக்கு."