உறவினர் இல்லாத அலுவலகம்

மருத்துவ உதவிப் பிரிவில் அவருக்குத் 'திருத்தம்' என்று பெயர். துறையைச் சீர்திருத்தும் வேலையை மேலிடம் அவர் தலையில் கட்டியதிலிருந்து, பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஆளும் சளைக்கவில்லை. யாராவது லீவு போட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் 'பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். மேசைக்கு அடியில் கை நீள்வது பெரும்பாலும் அந்தப் பொறுப்பில்தான் என்று கண்டுபிடித்து, வழக்கத்தையே வேரோடு வெட்டினார். இனி அவரவர் ஃபைலை அவரவரே, தத்தம் இருக்கைக் கம்ப்யூட்டரில் விரல்ரேகை வைத்து முடிக்க வேண்டும். சொந்தக்காரர் ஃபைல் என்றால் கம்ப்யூட்டர் திறக்காது. பிரிவில் அதிகாரிகள் இருவர்தான்; அதை இன்னோர் அதிகாரி பார்ப்பார்.

இதற்காக உறவினர் விவரம் கேட்டபோது பிரிவே அநாதை இல்லமாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கைகளை மைத்துனர்களால் நிரப்பி வைத்திருந்த சூப்பரிண்டெண்ட்கூட 'யாருமில்லை' என்று எழுதிக் கொடுத்தார். திருத்தம் ஒருவர்தான் தன்னை வளர்த்த அக்காவைப் பதிவு செய்தார்.

இப்போது அந்த அக்கா ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள். இதய வால்வு. தலைநகர் ஆஸ்பத்திரியில் படுக்கை தயார், ஆபரேஷன் அரசு செலவு. அனுமதி மட்டும் தம்பியின் பிரிவிலிருந்து போக வேண்டும். ஃபைல் விதிப்படி அந்த இன்னோர் அதிகாரியிடம் போயிற்று. அவரோ, திருத்தமே ஏற்பாடு செய்த 'விரைந்து முடிவெடுக்கும் பயிற்சி'க்காகக் கடல் தாண்டியிருந்தார். போனில் மிகவும் வருத்தப்பட்டார். பயிற்சி நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

அத்தான் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கோபப்படத் தெரியாத மனிதர்.

"மாப்ள, இது உன் ஆபீஸ்தானே?"

"ஆமா அத்தான்."

"அப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது?"

திருத்தம் இயக்குநரைப் போய்க் கேட்டார். நீங்கள் எழுதிய விதியை நானே மீறினால் நன்றாகவா இருக்கும் என்று அவர் தேநீர் வரவழைத்தார். திரும்பி வந்த திருத்தம் தன் இருக்கையில் உட்கார்ந்து விரலை வைத்தார். 'உறவினர். அனுமதியில்லை' என்றது திரை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். துறைக்கு வந்த சீர்திருத்தங்களில் ஒன்றாவது எழுதியபடியே வேலை செய்வதை அவர் அன்றுதான் பார்த்தார்.

சூப்பரிண்டெண்ட் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கிண்டல் இல்லை.

"யாருமில்லன்னு எழுதியிருக்கலாமே சார். நாங்கல்லாம் எழுதலையா?"

சாயங்காலம் வார்டு வாசலிலேயே டாக்டர் அவரை நிறுத்தினார். இனி அனுமதி வந்தாலும் அக்காவுக்குப் பயணம் தாங்காது, பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான் என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சாடா?"

"போட்டாச்சுக்கா."

"நீ போடலையே? நாளைக்கு உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிடக்கூடாது."

"நான் போடலக்கா."

அவள் முகம் தெளிந்தது. தலைநகரில் குளிர் அதிகமாமே, கம்பளியை மேலாக வை, பையைக் கட்டு என்றாள். அவர் கட்டிலடியில் உட்கார்ந்து அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்தார். மடித்ததைப் பிரித்து, இன்னும் மெதுவாக மடித்தார்.