ஜில்லுனு இறுகின பை

அம்மாவோட விரல் நுனி மூணு நாளா நீலமா இருக்கு. ஏன்னு மகளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரல.

அம்மா கை கால் வலிக்கு வைத்தியம் பாக்குறவ. வீட்டு முன்னறைதான் கிளினிக். தோள், முட்டி, முதுகுன்னு வர்றவங்களுக்கு அமுக்கிவிட்டு, மேல சூட்டுப் பை வைப்பா. பைக்குள்ள தண்ணி மாதிரி உப்புக் கரைசலும் ஒரு குட்டித் தகடும் இருக்கும். தகட்டை ‘டிக்’குனு மடக்கினா போதும், உள்ள பிரிஞ்சு திரியற உப்போட பிளஸ் அயனியும் மைனஸ் அயனியும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். பை வெள்ளையா இறுகும், சூடு வெளிய வரும். அந்தப் பிடியை விடுவிக்கணும்னா, கொதிக்கிற தண்ணியில போட்டு வாங்கின சூட்டைத் திருப்பிக் கொடுக்கணும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுக்கு அதுதான் வேலை.

போன வாரம் வாட்ச் ரிப்பேர்காரர் வந்தாரு. “என் கை ஐஸ் கட்டி. நான் தொட்டா கடிகாரத்துக்கே ஜலதோஷம் பிடிக்குது”ன்னு எப்பவும் போல சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல, பையை இறுக்கிப் பிடிச்சபடியே பெஞ்சுல அவர் உயிர் போயிடுச்சு. விரலைப் பிரிச்சு எடுத்தப்போ பையில நாலு பள்ளம்.

“இதைக் குப்பையில போட்டுடுடி”ன்னா அம்மா.

புத்தம் புதுப் பை. அவளுக்கு மனசு வரல. கொதிக்க வெச்சு, பள்ளமெல்லாம் கரைஞ்சதும், மத்த பையோட சேர்த்து அடுக்கிட்டா.

மறுநாள் காலையில ஒரு பை தானா இறுகிக் கிடந்துச்சு. அதே நாலு பள்ளம். இறுகினா சூடு வரணும், அப்புறம் சாதாரணமா ஆறணும். இது தொட்டா எலும்பு வரைக்கும் ஜில்லுனுச்சு. அம்மா எடுத்துப் பார்த்து, “மட்டமான சரக்கு”ன்னு திட்டிட்டு வெச்சா. சாயங்காலம் மக திருட்டுத்தனமா அதை மறுபடி கரைச்சா. அடுத்த நாளும் அதே கதை. அதுக்கடுத்த நாளும்.

இன்னைக்கு அம்மா தன் விரல்ல ஊசியால குத்திப் பார்த்துட்டு இருந்தா.

“ஒண்ணுமே தெரியலடி. இந்த விரலை வெச்சுத்தானே நாம ரெண்டு பேரும் சாப்பிடறோம்?”

அதுக்கு மேல மகளால அடக்க முடியல. அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா.

“பைத்தியக்காரி! ஒரு பைக்கு ஆசைப்பட்டு…” அம்மா பாதியில நிறுத்தினா. “போய் கத்திரிக்கோல் எடுத்துட்டு வா.”

பையை வெட்டி, கட்டியை வாளித் தண்ணியில போட்டாங்க. இந்த உப்பு கரையும்போது தண்ணியில இருக்கிற சூட்டை உறிஞ்சும், தண்ணி ஜில்லுனு ஆகும். ஆனா வாளியிலேர்ந்து மெல்ல ஆவி கிளம்புச்சு. கொதிக்கிற சூடு இல்ல. உடம்புச் சூடு.

“எடுத்ததைத் திருப்பிக் கொடுக்குது”ன்னு சொல்லிட்டு, அம்மா கையை உள்ள விட்டா. தண்ணி கலங்கி பால் மாதிரி இருந்துச்சு. நீலம் போய் மணிக்கட்டு வரைக்கும் சிவந்துச்சு.

“தெரியுதுடி! விரல் தெரியுது!”

அவளுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

அம்மா சிரிச்சா. “சரி, போதும். கையை விடு. ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறே.”

மகளோட ரெண்டு கையும் வாளி விளிம்புல இருந்துச்சு.