தோளில் கிடந்த கவுன்

கையும் களவுமாகப் பிடித்தோம் என்று துணிக்கடைக்காரர் சொன்னார். அவள் கையில் இருந்தது பில் போட்டு வாங்கிய சிவப்புக் கவுன். களவு என்று அவர் சொன்ன மஞ்சள் கவுன் இடது தோளில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வழியாக நடந்து போகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பதினொரு வருஷமாக அவள் ஒரு தையல் ஆலையில் செக்கர். தைத்து வருகிற உருப்படியை விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, தையலை விரலால் தடவி, நல்லதை முன்னால் தள்ளுவாள். கோளாறு உள்ளதை இடது தோளில் போட்டுக்கொள்வாள். தோள் நிறைந்த பிறகுதான் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தக் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது என்பதால் அங்கே அவளுக்குப் பேரே பூதக்கண்ணாடி.

இன்று அவளுக்கு விடுமுறை. அக்கா மகளுக்கு ஒரு கவுன் வாங்கலாம் என்று போனாள். மஞ்சளில் அக்குள் தையல் விட்டிருந்தது. மனசு அடுத்த கவுனுக்குப் போய்விட்டது, கை அதன் பாட்டுக்கு மஞ்சளைத் தோளில் போட்டுவிட்டது. சிவப்புக்குப் பில் போட்டவர் கூட அந்தத் தோளைக் கவனிக்கவில்லை. பில் போடாத துணி வெளியே போனால் அலறுகிற வாசல் மணி கவனித்துவிட்டது.

காவல் நிலையத்தின் பின்னறையில் ஒரு மேசை, அதன் மேல் அந்த மஞ்சள் கவுன், இரண்டு நாற்காலி. ஜன்னல் கண்ணாடிக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவளுடைய போன் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. கதவை ஒட்டி ஒரு பெண் காவலர் நின்றாள், கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போல.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இங்கே அணைக்கிற கை முதலில் வந்தது. அதிகாரி தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார், பிறகு ரொம்பத் தாழ்வான குரலில் கேட்டார்.

"ஆசைப்பட்டு எடுத்தியாம்மா, இல்ல கஷ்டத்துல எடுத்தியா?"

எடுக்கவே இல்லை என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அதையே வேறு வார்த்தையில் கேட்டார். புள்ளைக்காகவா, உனக்காகவா? இன்னிக்குத்தானா, முன்னாடியும் உண்டா? எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் திருடி என்கிற இடத்தில்தான் போய் நிற்கும். ஏழெட்டு முறை கேட்ட பிறகு, உண்மையிலேயே எடுத்தோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை நினைத்துத்தான் அவள் ரொம்பப் பயந்தாள்.

கேமராவில் நீ மேலே மேலே பார்க்கிறாய், யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தாய் என்றார் அவர். வெளிச்சம் பார்த்தேன் சார், தையலை அப்படித்தான் பார்க்கணும் என்றாள். துணிக்கடைக்கு வெளிச்சம் பார்க்க வந்தவளை இன்றுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். 'ஆசைப்பட்டுத் திருடினேன், மன்னிக்கவும்' என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை, பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் வழக்கு. வழக்கு என்று காதில் விழுந்தால் ஆலையில் அன்றைக்கே அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்; போன வருஷம் இஸ்திரி போடுகிறவள் ஒருத்திக்கு அதுதான் நடந்தது. அவள் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கையெழுத்துப் போட்டாலோ திருடி என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தாளை அவள் துணியைப் போல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். 'திருடினேன்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், போடுகிறேன் என்றாள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் அவர்.

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் ஆலையில் எல்லாரும் தோளில்தான் போடுவோம், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. போலீஸ் என்று சொல்லாமல் கேளுங்கள் சார் என்று கெஞ்சினாள். அவர் இழுப்பறையிலிருந்து அவள் போனை எடுத்து, ஆலை சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, எடுத்த எடுப்பிலேயே காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

சூப்பர்வைசரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நல்ல செக்கர்தான் சார். ஆனா தோள்ல போடற பழக்கமெல்லாம் இங்க கிடையாது. அதுக்குன்னு கூடை இருக்கு."

கூடை இருந்தது உண்மை. வெளியாட்கள் பார்வையிட வருகிற நாளில் அலமாரி மேலிருந்து அதை இறக்குவார்கள். மற்ற நாளில் கூடைக்கு நடந்துகொண்டிருந்தால் மணிக்கு எண்பது உருப்படி வராது, தோளில் போடு என்று சொல்லிக் கொடுத்தவரே இவர்தான்.

"போலீஸ் வரைக்கும் வந்தாச்சுன்னா எங்களால வெச்சுக்க முடியாது சார். கார்டை கேட்ல குடுத்துடச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இப்போதாவது போட்டுவிட்டுப் போம்மா என்றார். அவளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது கோபம். தாளைக் கசங்காமல் அவர் பக்கமே தள்ளினாள்.

"வேலை போயிடுமேன்னுதான் சார் இவ்வளவு நேரம் இந்தப் பேனாவையே பாத்துக்கிட்டு இருந்தேன். கடைக்காரர் துணி உங்க மேசையிலயே கிடக்கு. இன்னிக்குப் போனது என் வேலை ஒண்ணுதான். அதை யார் எடுத்தாங்கன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

கதவோரம் நின்ற பெண் காவலர் தரையைப் பார்த்தாள். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். எதையும் எழுதவும் இல்லை, அவளைப் போகச் சொல்லவும் இல்லை.