படகுக்குப் பின்னால் வந்த வண்டி

என் புருஷன் வெர்லின் நல்லவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்க்காது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். அதனால் அவனை 'அவர், இவர்' என்று சொல்ல எனக்கு வராது. அதிலும் இந்தக் கதையைச் சொல்லும்போது சுத்தமாக வராது.

பனி உருகத் தொடங்கிய நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் பழைய டீசல் வண்டியை விற்றுவிட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். சத்தமே இல்லை. வந்து நின்றதே எனக்குத் தெரியாது.

"வீட்டையே கட்டி இழுக்கும்னு கடைக்காரன் சொன்னான், ஆர்லிஸ்" என்றான்.

இழுக்கும்தான். அடுத்த வீடு வரைக்கும் இழுக்கும்.

எனக்கு வேண்டியது வீட்டை இழுப்பதல்ல, படகை இழுப்பது. மின்னசோட்டா மாநிலத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறோம். வடக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டிய பெரிய ஏரியில் ஒவ்வொரு மே மாதமும் வால்ஐ மீன் பிடிக்கும் போட்டி நடக்கும். கணவனும் மனைவியும் ஒரே படகில் ஜோடியாகத்தான் கலந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஜோடிகளில் யாராவது விலகினால்தான் புது ஜோடிக்கு இடம். ஒன்பது வருஷமாகக் காத்திருந்தேன். போன குளிர்காலத்தில் ஒரு ஜோடி விவாகரத்து வாங்கிக்கொண்டது. பாவம்தான், என்ன செய்ய, எங்களுக்கு இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் படகு அங்கே சோதனைக்கு நிற்க வேண்டும், விதிகளைப் படிக்கும்போது ஜோடி இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் இடம் போய்விடும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொட்டியவள் நான். வயது அறுபத்தாறு. கடைசியிலிருந்து மறுபடி ஏறி வர எனக்கு ஆயுசு கெட்டியா என்று யார் கண்டது? எங்கள் வீட்டில் மீன் பிடிப்பவள் நான். வெர்லின் படகு ஓட்டுவான், வலையை நீட்டுவான், மீன் தப்பினால் வருத்தப்படுவான். வேறொன்றும் அவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வெள்ளி முளைக்கும் முன்பே கிளம்பிவிட்டோம். எதிர்க்காற்று. வண்டியின் திரையில் இன்னும் இத்தனை மைல் ஓடும் என்று ஓர் எண் தெரியும். படகு பின்னால் இல்லாதபோது அது முந்நூறு என்று காட்டும். படகை மாட்டியதும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நாங்கள் ஐம்பது மைல் போனால் அது நூறு மைலைக் கழித்துக்கொண்டது.

"ஹீட்டரை அணைச்சிடலாமா, ஆர்லிஸ்? கொஞ்சம் கூட ஓடும்."

மே மாதம்தான். ஆனாலும் சாலையோரப் பள்ளங்களில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. பனிவண்டி ஓட்டும்போது போடும் தடித்த உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். பிறகு ரேடியோவை அணைத்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். பள்ளிக்கூட பஸ் எங்களை முந்திப் போனது, பிள்ளைகள் கையசைத்தார்கள். டிராக்டர் முந்தவில்லை. அன்றைக்கு அதற்கு வயலில் வேலை இருந்திருக்கும்.

சார்ஜ் போடும் இடங்களைக் கட்டியவன் ஜென்மத்தில் ஏரியைப் பார்த்திருக்க மாட்டான். கார் மூக்கை நுழைத்து நிற்கிற அளவுதான் இடம். பின்னால் இருபது அடிப் படகு இருந்தால் அது தெருவை மறிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சங்கிலியைக் கழற்றி, படகைத் தனியே நிறுத்தி, சார்ஜ் ஏறியதும் மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். மூன்று இடங்களில் இந்தக் கூத்து. இடையில் யாராவது வந்து "என்ன, கரண்ட்டு வண்டியா?" என்று கேட்டால் போதும். வெர்லின் முன்மூடியைத் திறந்து, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் நான் கட்டிக்கொடுத்த சாண்ட்விச் இருப்பதைக் காட்டிக் கால்மணி நேரம் பேசுவான்.

நாலாவது இடம் ஏரிக்கு நாற்பது மைல் இருக்கும்போது வந்தது. சின்ன ஊர், மளிகைக் கடையின் பின்பக்கம், ஒரே ஒரு சார்ஜர். அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றியது. படகைக் கழற்றி ஓரமாக நிறுத்தினோம். வெர்லின் திரையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான்.

"படகோட போய்ச் சேர்ற அளவுக்கு ஏறணும்னா ஏழு மணி ஆயிடும்போல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது கத்துவதற்குச் சமம். அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

அப்போதுதான் ஒரு பெரிய டீசல் வண்டி வந்து நின்றது. எங்கோ தெற்கே இருக்கும் அரிசோனா மாநிலத்தின் எண் பலகை. பின்னால் கொக்கி காலியாக இருந்தது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஏரிக்கா? நானும் அங்கதான் போறேன். படகை என் வண்டில மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டார்.

சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது. வெர்லின் வாயைத் திறந்தான்.

"ஐயய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"பரவால்லங்க, நாங்க சமாளிச்சுக்குவோம்" என்று நானும் சொன்னேன். என் வாயும் அதே ஊர் வாய்தானே?

"சரி, அப்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கள் ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டாலே முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை உங்களுக்குச் சிரமம் என்போம், மூன்றாம் தடவைதான் அரைக் கோப்பை போதும் என்போம். கேட்பவருக்கும் அது தெரியும், விடாமல் கேட்பார். அரிசோனாக்காரருக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்.

வெர்லின் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரே தடவைதான் கேட்டான்" என்றான். குரலில் உண்மையாகவே மனத்தாங்கல்.

"நீ ஏன் சரின்னு சொல்லல?"

"எடுத்த எடுப்புல எப்பிடிச் சொல்றது? நீ ஏன் சொல்லல?"

நியாயமான கேள்விதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளூர்க்காரர் ஒருவர் கடையிலிருந்து பையோடு வந்தார். எழுபது வயது இருக்கும். அவர் வண்டியிலும் கொக்கி இருந்தது. பின் சீட்டில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

"இழுத்துட்டுப் போக ஒத்தாசை ஏதாச்சும்..."

"வேணும்" என்றேன்.

மனிதர் திகைத்துப் போனார். வாழ்நாள் முழுக்க ஒத்தாசை வேண்டுமா என்று கேட்டு வந்திருப்பார், முதல் கேள்விக்கே ஒருத்தி வேண்டும் என்று சொல்வது அன்றைக்குத்தான். வெர்லினுக்குக் காது சிவந்துவிட்டது.

"ஏரி வரைக்கும்" என்றேன். "இப்பவே."

"ஏரி வரைக்கும்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சரி... அதுக்கென்ன."

அவர் பெயர் ஹார்லன். அவரும் வெர்லினும் படகை மாட்டினார்கள். எனக்கு ஒரே கணக்குத்தான். படகு இல்லாவிட்டால் வாதாடவே முடியாது. புருஷன் இல்லாவிட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். "நீ சார்ஜ் ஏத்திட்டு வா" என்று வெர்லினிடம் சொல்லிவிட்டு ஹார்லனின் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் சார்ஜர் பக்கத்தில் நின்று கையசைத்தான்.

ஹார்லன் அதிகம் பேசவில்லை. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, நாயைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஏரிக்கரை ஊரின் உயரமான தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"படகுதான் இப்ப நம்மகிட்ட இருக்குதே. வெறும் வண்டி வர்றதுக்கு இருக்கற சார்ஜே போதாதுங்களா? உங்க வீட்டுக்காரர் எதுக்கு அங்க நிக்கிறாரு?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இது எப்பத் தோணுச்சு உங்களுக்கு?"

"படகை மாட்டும்போதே தோணுச்சுங்க. அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நாம எப்பிடித் தலையிடறதுன்னு..."

ஒரு நல்ல மனிதரை அவர் வண்டியிலேயே வைத்துத் திட்ட முடியாது. போனை எடுத்தேன்.

"என்ன பண்ற, வெர்லின்?"

"சார்ஜ் போட்டுட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"ஏரிக்கு வர்றதுக்கு."

"படகு எங்க இருக்கு?"

"உன்கிட்ட." பிறகு மெல்ல, "அட" என்றான்.

"கெளம்பு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாற்பது மைல், கையில் நாற்பது நிமிஷம்கூட இல்லை.

படகுச் சோதனை ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது. கூடத்தின் வாசலில் லவான் என்கிற அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். போட்டியை நடத்துபவள் அவள்தான். கழுத்தில் விசில், கையில் சாவி. என் பெயரைச் சரிபார்த்துவிட்டு எனக்குப் பின்னால் நின்ற ஹார்லனைப் பார்த்தாள்.

"இவருதான் வீட்டுக்காரரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹார்லன் முந்திக்கொண்டார். யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர், மிகவும் சங்கடப்பட்டு, "அப்பிடி இல்லன்னுதான் நெனைக்கிறேங்க" என்றார்.

லவான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா? ஆறு அடிச்சா நான் கதவைச் சாத்திருவேன், ஆர்லிஸ். போன வருஷம் என் தங்கச்சிக்கே சாத்தினேன்."

சாத்துகிற முகம்தான் அவளுக்கு. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் போட்ட கணக்கு அங்கேயே செத்தது.

ஹார்லனுக்கு நன்றி சொன்னேன். அவர் போகத் திரும்பி, மறுபடி நின்று, பையில் இருந்தது பேத்தியின் பிறந்தநாள் ஐஸ்க்ரீம் என்றும், உருகிவிட்டதால் இனி அவசரம் ஒன்றும் இல்லை, நானும் நின்று பார்க்கிறேன் என்றும் சொன்னார். அவரைக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது. அழவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருஷம். எல்லாக் குளிர்காலமும் தூண்டில் முட்களைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். ஒரு வண்டி வரவில்லை என்று எல்லாம் போகப்போகிறது.

உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. லவான் கதவைப் பிடித்தாள். நான் நிலைப்படியில் காலை வைத்தேன்.

"காலை எடு, ஆர்லிஸ்."

"மரத்துப்போச்சு. எடுக்க வரல."

"ஆர்லிஸ்."

"காலைல இருந்து ஹீட்டர் இல்லாம வந்திருக்கேன், லவான். நீயே தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. விசிலை வாயில் வைத்தாள். அப்போது ஹார்லன் மெதுவாக, "அவரு வந்துட்டாருன்னு நெனைக்கிறேன்" என்றார். அந்த வண்டி வந்து நின்றது வழக்கம்போல யார் காதிலும் விழவில்லை. வெர்லின் ஓடி வந்தான். அறுபத்தாறு வயதில் அவன் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படகு இல்லாதபோதும் ஹீட்டரை அணைத்துவிட்டே வந்திருக்கிறான், உதடெல்லாம் நீலம். லவான் கடிகாரத்தைப் பார்த்தாள், அவன் உதட்டைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி இருந்தது. லவான் விதிகளைப் படிக்க ஆரம்பித்தாள். இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் பாதி, இன்னும் அடங்காத ஆத்திரம் பாதி.

வெர்லின் என் பக்கம் சாய்ந்தான். "கோவமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைக் கேட்கும்போதெல்லாம் நான் "இல்லையே" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவனும் மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வான்.

"ஆமா" என்றேன். "ரொம்ப."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் லவான் படிப்பதைக் கேட்டான். பிறகு, "எனக்கும்தான்" என்றான்.

"உனக்கென்ன கோவம்?"

"நீயும் வர்றியான்னு ஒரு வார்த்த கேக்கல நீ. அந்த நாய்க்கே பின் சீட்டுல எடம் இருந்துச்சு."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்" என்றான். "இருந்தாலும் கேட்டிருக்கலாம்ல."

ஏரியைப் பார்த்த ஜன்னல் வழியாக வெளியே எங்கள் படகு தெரிந்தது. பக்கத்தில் ஹார்லன் தனியாக நின்று உருகிய ஐஸ்க்ரீமை டப்பாவோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். என் புருஷன் பேர் அந்தப் போட்டியில் என் பேருக்குப் பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. வராமல் எங்கே போவான்? ஆனாலும் கேட்டேன்.

"நாளைக்குக் காலைல என்கூடப் படகுல வர்றியா, வெர்லின்?"

"வர்றேன்" என்று உடனே சொன்னான். சொல்லிவிட்டு, சத்தம் போடாதே, வலை அளவைப் பற்றிப் படிக்கிறார்கள் என்று என்னை அடக்கினான்.