சிவப்பு மையில் அடித்த திருவிழா

இந்த ராக்குவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று போடி ஊர் முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

மொக்கச்சாமி அண்ணன் அச்சாபீசில் நான் தாள் மடித்துத் தைக்கிறவள். என்னோடு செல்லக்கிளி, அய்யம்மாள், மொக்கம்மாள் என்று இன்னும் மூன்று பேர். மற்ற மாதங்களில் பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டு என்று வேலை நிதானமாக ஓடும். மார்கழி பிறந்துவிட்டால் போதும், ஏலக்காய்க் கடைக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் டைரிக்கு ஓடி வந்துவிடுவார்கள். அட்டையில் அவரவர் பெயர் வேண்டும், உள்ளே அவரவர் கேட்ட பக்கங்கள் வேண்டும், எல்லாம் இங்கிலீஷ் வருசம் பிறக்கும் முன் வேண்டும். கார்த்திகை முழுக்கக் குறட்டை விட்டுவிட்டு மார்கழியில் வந்து வெரசா வெரசா என்று நம் கழுத்தில் உட்காருவார்கள்.

ஐம்பத்து நாலாம் வருசம் அப்படித்தான் நெட்டைப்பாறை எஸ்டேட் கணக்கப்பிள்ளை காசிராஜன் வந்தான். போடிமெட்டுக்கு அப்பால் இருக்கிற ஏலத்தோட்டம் அது. எழுநூறு டைரி, ஒரே வாரத்தில் வேண்டுமாம். மாதிரிக்குப் போன வருச டைரியைக் கொண்டுவந்திருந்தான். வருசத்தையும் கிழமையையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே என்றான். ஒரே ஒரு வரியை மட்டும் வேண்டாம் என்று சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தான்.

எஸ்டேட்டின் விடுமுறை நாட்கள் என்று முன்பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. பொங்கல், சித்திரை ஒன்று, தீபாவளி எல்லாம் அதில் இருக்கும். அதில் அவன் அடித்திருந்த வரி இது: 'சித்திரைக் கடைசி, வீரபாண்டித் திருவிழா, மூன்று நாள்.'

கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். காரணம் என் தங்கச்சி சுப்புத்தாய். புருஷன் விட்டுப் போன பிறகு கைப்பிள்ளையோடு மலையேறி அந்த நெட்டைப்பாறையில்தான் கூலி வேலை பார்க்கிறாள், அங்கேயே லயத்தில் ஒரு அறையில் குடியிருக்கிறாள். அவள் மகள் பேச்சிக்கு மூன்று வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. பார்வை போய்விட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள். சுப்புத்தாய் வீரபாண்டி கௌமாரியம்மனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளைக்குக் கண் திறந்தால் மூன்று வருசம், உடம்பெல்லாம் துளை போட்ட ஆயிரங்கண் பானையைத் தலையில் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கண் திறந்தது. இரண்டு வருசம் பானை எடுத்துவிட்டாள். மூன்றாவது பானைதான் பாக்கி. நேர்த்திக்கடனை அரைகுறையாக விடுவது பாம்பை அடித்துக் குற்றுயிராக விடுகிற மாதிரி. அதற்காக லீவு இல்லாமல் இறங்கி வரவும் முடியாது. சொல்லாமல் போனவள் அறையைப் பூட்டி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அந்த எஸ்டேட் சட்டம் அப்படி.

காசிராஜன் போனதும் மொக்கச்சாமி அண்ணனிடம் கேட்டேன், ஆத்தா திருவிழாவை அடிக்க இவன் யார் என்று. அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் டைரி, அவன் பேரு. ஞாயித்துக்கெழமையே வேணாம்னாலும் எடுத்துட்டு அடிச்சுக் குடுப்பேன். நம்ம சோலி அச்சடிக்கிறது ராக்கு, ஆட்டைக்கு வர்றது இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என் கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரியாது. கையிலிருந்த வேறொரு டைரியில் ஊசியைக் குத்திய குத்தில் இரண்டு தாள் கிழிந்தது. செல்லக்கிளி, நீ காசிராஜனைத் தைக்கிறாயா டைரியைத் தைக்கிறாயா என்று கேட்டாள்.

மற்ற பாரமெல்லாம், பல பக்கம் சேர்ந்து அச்சாகிற பெரிய தாளெல்லாம், அச்சாகி, மடித்து, அடுக்கி முடித்த பிறகு விடுமுறைப் பாரம் வந்தது. மடிக்க எடுத்தேன். வரியை எடுத்துவிட்டால் பக்கத்தில் ஓட்டை தெரியும் அல்லவா, அந்த இடத்தை அடைக்க எழுத்துக் கோக்கிறவர் ஒரு பூ அச்சை எடுத்துச் சொருகியிருந்தார். கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் போடுகிற பூ. ஆத்தா இருந்த இடத்தில் பூ வைத்திருக்கிறார்கள், செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஊசியை நூலோடு பலகையில் குத்தி நிறுத்தினேன். இந்தத் தாளை நான் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செல்லக்கிளி என் முகத்தைப் பார்த்தாள், தாளை வாங்கிப் பார்த்தாள், அவளும் நிறுத்தினாள். இரண்டு முறை அக்கினிச்சட்டி எடுத்தவள் அவள். மொக்கம்மாளும் நிறுத்தினாள். அய்யம்மாள் மட்டும் என்னைப் பிடித்து ஏசினாள். உனக்கென்ன, ஒண்டிக்கட்டை, என் வீட்டு உலையில் நீயா அரிசி போடுவாய், ஊரான் எஸ்டேட் லீவுக்கு என் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடுகிறாய் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். கத்திக்கொண்டே தாளை மடித்தாள். அந்தப் பூவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. தாளைத் தள்ளி வைத்தாள், ஆனால் ஏச்சை நிறுத்தவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

மொக்கச்சாமி அண்ணன் முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு வேறு பெண்களைக் கூட்டி வருகிறேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போடியில் வீரபாண்டிக்கு நேர்ந்துகொள்ளாத வீடு எது? அவர் போகும் முன் சேதி தெருத்தெருவாகப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்து, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசைச் சட்டி பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

காசிராஜன் ஜீப்பில் வந்து இறங்கினான். டைரி எங்கே என்று கேட்டான், விசயம் தெரிந்ததும் ஆடித் தீர்த்தான். தாளை அள்ளிக்கொண்டு மதுரைக்குப் போய்த் தைத்துக்கொள்கிறேன் என்றான். மதுரையில் நாலு நாளைக்குக் குறைந்து யாரும் தொட மாட்டார்கள், முதலாளி புதுவருசத்தன்று ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கையில் கொடுக்க வேண்டுமே என்று மொக்கச்சாமி அண்ணன் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் அவன் என்னிடம் வந்தான்.

கோடைமழை விழுந்ததும் களை எடுக்க ஆள் வேண்டிய நேரத்தில் மொத்தக் கூலியும் மலையை விட்டு இறங்கிவிடுகிறது, முதலாளிக்கு நட்டம் என்று எனக்குப் பாடம் நடத்தினான். வருசம் முழுக்க அட்டைப்பூச்சிக் கடியில் நிற்கிறவர்களுக்கு மூன்று நாள் கொடுத்தால் உன் முதலாளி குடி முழுகிவிடுமா என்று கேட்டேன். உனக்கு அங்கே யார் என்றான். என் தங்கச்சி சுப்புத்தாய் என்றேன். அவன் அந்தப் பேரை ஒரு முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

"சரி, ஒங்க ஆத்தாளப் போட்டே தொலைங்க. எனக்கு டைரி வேணும்" என்றான்.

பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த வரியைத் திரும்பக் கோத்து, பாரத்தை மறுபடி அச்சேற்றினார்கள். கை வீங்க வீங்கத் தைத்தோம், டைரி முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டினோம், அட்டை போட்டோம். சொன்ன நாளில் எழுநூறும் ஜீப்பில் ஏறியது. திருவிழா அச்சில் வந்துவிட்டது, தைரியமாக இரு என்று டிரைவரிடம் தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்கு நிலைகொள்ளாத சந்தோசம்.

சித்திரை வந்தது. வீரபாண்டியில் கம்பம் நட்டார்கள், திருவிழாவும் தொடங்கிவிட்டது. மற்ற எஸ்டேட் ஆட்கள் ஜீப்பில் தொங்கிக்கொண்டும் நடந்தும் இறங்கி வந்தார்கள். நெட்டைப்பாறையிலிருந்து கங்காணி வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். சுப்புத்தாய் வரவில்லை. அங்கிருந்து கூலிக்காரி ஒருத்தியும் வரவில்லை. நான் மலைக்கு ஜீப்பு ஏறினேன்.

லயத்தில் அவள் அடுப்பு முன் உட்கார்ந்திருந்தாள். டைரியில் போட்ட லீவு டைரி வாங்கியவர்களுக்குத்தான் என்று காசிராஜன் சொல்லிவிட்டானாம். டைரி வாங்கியது கங்காணிகளும் கணக்கப்பிள்ளைகளும்தானே. போன வருசம் எல்லாருக்கும் விட்டீர்களே என்று கேட்டவர்களிடம், அது போன வருசம், இந்த வருசம் அச்சாபீசில் ஊசியை நிறுத்தினாளே ஒருத்தி, அவளிடம் போய் லீவு கேளுங்கள் என்றானாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அன்றைக்கு அவன் ஏன் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தாளுல நீ ஜெயிச்சுட்டக்கா" என்றாள் சுப்புத்தாய். "தாள வச்சு நான் என்ன செய்ய?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விடிந்ததும் பெரட்டுக் களத்துக்கு, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, அவளோடு நானும் போனேன். கங்காணி கன்னையன் கக்கத்தில் டைரி இருந்தது. நான் தைத்த டைரி. விடுமுறைப் பக்கத்தைத் திறந்து வாசி என்றேன். வாசிக்கவில்லை. நானே பிடுங்கி, களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த வரியை வாசித்தேன். கூலிக்கு என்று தனியாக ஏதாவது போட்டிருக்கிறதா, காட்டு என்றேன். கன்னையன் டைரியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் நல்லவன்தான், ஆனால் நல்லவனாக இருந்து என்ன பிரயோசனம்? கணக்கப்பிள்ளை சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும், கூலிக்கு ஏது டைரி என்றான்.

அவனை ஏழு தலைமுறைக்கும் இழுத்து ஏச நான் வாயெடுத்தேன். அதற்குள் சுப்புத்தாய் பேசினாள். கங்காணி முன்னால் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, எம்புள்ளைக்குக் கண்ணத் தொறந்து விட்டப்ப, ஆத்தா எந்த டைரியப் பாத்துத் தொறந்தா?"

கன்னையன் தரையைப் பார்த்தான். போவதென்றால் போ, அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, எனக்கு வேறு வழி இல்லை என்றான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை எடுத்து அவன் கையிலிருந்த டைரி மேல் வைத்தாள்.

மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்களை நான் ஏச மாட்டேன். லயம் போனால் பிள்ளைகுட்டியோடு எங்கே போய் நிற்பார்கள்? பாய், இரண்டு சட்டி, ஒரு குடம், இவ்வளவுதான் அவள் குடித்தனம். நான் பாதி, அவள் பாதி சுமந்துகொண்டு மலையிறங்கினோம். பேச்சி முன்னால் ஓடினாள்.

வீரபாண்டியில் ஆற்றில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு சுப்புத்தாய் பானையைத் தலையில் ஏற்றினாள். மூன்றாவது பானை. பேச்சி ராட்டினத்தைக் காட்டினாள், பலூனைக் காட்டினாள், கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். கோயிலுக்குள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. சுப்புத்தாய் கண்ணை மூடி அழுதாள். எனக்குக் கும்பிடக் கை எழும்பவில்லை. ஆத்தா முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"கண்ணக் குடுத்த, சரி. தலைக்கு மேல ஒரு கூரையையும் நீதான பாக்கணும்? ஒனக்குப் பானை எடுக்க வந்ததுக்குத்தான இவ வீடு போச்சு? அவனுகளக் கேக்க ஒனக்கும் பயமா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பெரியம்மா, சாமியைப் போய் ஏன் ஏசுகிறாய் என்று கேட்டாள்.

"இவ ஒருத்திதான் பேச்சி, நான் ஏசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேக்குறா" என்றேன்.