ஃப்ரீசரில் ஒரு சீலா

எலிப் புரதம் என்று சொன்னவுடன் ஆட்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு அந்தக் குப்பி வந்த அன்று, கூரியரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆபீஸ் கிளார்க் பெட்டியை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே எலி இருக்கிறதா என்று கேட்டார். வாலை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் பக்கம் டீ குடிக்கக்கூட வருவதில்லை.

எலியே கிடையாது என்பதுதான் விஷயம். எலியின் மரபணுவில் ஒரு துண்டை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால், எலி செய்ய வேண்டிய புரதத்தை பாக்டீரியா செய்து கொடுக்கும். எங்களுக்கு வந்தது கேட்டலேஸ் என்ற நொதி. உயிரணுக்களுக்குள் சேரும் பெராக்சைடு நஞ்சை உடைத்துப் போடுவது அதன் வேலை. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குகிறதே, அது நம் உடம்பில் இருக்கும் கேட்டலேஸின் கைவரிசை. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. இதற்காகத்தான் சூஃபியா மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தாள்.

என் பெயர் உமையாள். இராமநாதபுரத்துக்கு வெளியே இருக்கும் இந்தக் கல்லூரியில் லேப் டெக்னீசியன். சூஃபியா எங்கள் ஆராய்ச்சி மாணவி, பாம்பன் பெண். பாம்பன் கடலில் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியின் சாறு இந்த நொதியைக் கெடவிடாமல் காக்கும் என்பது அவளுடைய ஆய்வேடு. வளர்ப்புச் செல்களில் செய்து காட்டிவிட்டாள். சுத்தமான நொதியிலும் காட்டு என்று ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. அதைக் காட்டிவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஷார்ஜாவில் இருக்கும் கணவன் ஃபஹத்திடம் போய்ச் சேரலாம். நிக்காஹ் முடிந்த கையோடு அவன் விமானம் ஏறியவன்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் போனிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விசா தயாராக இருந்தது, அது காலாவதியாவதற்குள் போக வேண்டும்.

சூஃபியா குப்பியில் இருந்ததைக் கரைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்தாள். பாதியில் வெறும் நொதி. மீதிப் பாதியில் பாசிச் சாறு கலந்த நொதி. சில நாள் உறைய வைத்து, பிறகு எடுத்துச் சூடு காட்டி, எது தாங்குகிறது என்று பார்ப்பது திட்டம். ஃப்ரீசரில் கதவு ஓரமாக வெறும் நொதியை வைத்தாள். உள் சுவரை ஒட்டிப் பாசி கலந்ததை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ஒவ்வொரு குழாயைத் தாவரவியல் துறை ஃப்ரீசரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது மீன் விஷயத்துக்கு வருகிறேன். சூஃபியாவின் வாப்பா ஹமீது சுல்தான் பாம்பனில் படகு வைத்திருப்பவர். மகள் படிக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கரைக்கு வந்த மீனில் கண்ணுக்கு லட்சணமாக ஒன்றை எடுத்து, பையில் சுற்றி, மகளோடு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அது எங்கள் பேராசிரியர் நாகநாதனுக்கு. அவர் மதுரைக்காரர், சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கிளம்புவார். அதுவரைக்கும் மீன் ஆய்வக ஃப்ரீசரில் கிடக்கும். திங்கட்கிழமை அவர் மனைவி கொடுத்துவிடும் குழம்பு ஒரு தூக்குச்சட்டியில் எங்களுக்கு வந்து சேரும்.

ஃப்ரீசர் கதவில் 'தின்பண்டம் வைக்கக் கூடாது' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு மாணவன் ஜூஸ் பாட்டிலை வைத்ததற்கு சார் அவனை லேபை விட்டே விரட்டினார். மீனை மட்டும் யாரும் தின்பண்டத்தில் சேர்க்கவில்லை. வாத்தியாருக்கு வருகிற மீன் எங்கள் பக்கத்தில் மரியாதையில் சேரும். மரியாதையை எந்த ஃப்ரீசரில் வைத்தால் என்ன என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது நல்ல நீளமான சீலா மீன். சூஃபியாதான் வளைத்து நெளித்து உள்ளே திணித்தாள். சனிக்கிழமை காலையில் நான் வந்து பார்க்கும்போது ஃப்ரீசருக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. சீலாவின் வால் கதவைத் தள்ளி விரல் அளவுக்குத் திறந்து வைத்திருந்தது.

சூஃபியா ஓடிவந்து குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "நாந்தானேக்கா வச்சேன்" என்றாள்.

இளகிப்போன நொதியைத் திரும்ப உறைய வைத்துப் பிரயோஜனம் இல்லை. எதில் உயிர் மிச்சமிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று குழிகள் போட்ட தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு மேலே பெராக்சைடை ஊற்றினாள். வெறும் நொதி விட்ட குழிகள் ஒரு குமிழிகூட இல்லாமல் கிடந்தன. பாசி கலந்த குழிகள் அத்தனையும் நுரைத்துக்கொண்டு மேலே வந்தன. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"திட்டம் போட்டுச் செஞ்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராதும்மா. ராத்திரி பூரா இளகிக் கிடந்தும் பாசி காப்பாத்தியிருக்கு. இதையே எழுது. இந்த மாசமே கொடுத்துரலாம்" என்றார்.

மீனை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக மதுரைக்குப் போனார். மீன் கெடவில்லை. திங்கட்கிழமை குழம்பு வந்தது, ருசியாகவே இருந்தது. ஃபஹத் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்று சூஃபியா சொன்னாள். சொல்லும்போது சிரிப்பு முழுசாக வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னத்தா, மீன்ல முள்ளா?" என்று கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் தொட்டுப் பாத்தேன்ல. கதவுப் பக்கம் இருந்ததுதான் தண்ணியாப் போயிருந்துச்சு. உள்ள இருந்தது கல்லு மாதிரி கெடந்துச்சு."

"அதுக்கென்ன இப்ப?"

"காப்பாத்துனது பாசியா, சுவரான்னு எப்படிக்கா தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. வந்ததை எழுதிட்டுப் போயி புருசனோட இருக்கிற வழியைப் பாரு. எலி வந்து ஒன்னையக் கேக்கப் போகுதா?" என்றேன்.

"மாத்தி வச்சு ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியாப் போயிருவேன்க்கா" என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் சூஃபியா வாப்பாவுக்குப் போன் போட்டு, போன வாரம் மாதிரியே நீளமான சீலாவாக வேண்டும் என்றாள். மகள் வாய்விட்டு மீன் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹமீது சுல்தான் ஏலத்துக்குப் போக வேண்டிய மீனை நிறுத்தி வைத்துக் கொடுத்தனுப்பினார். தாவரவியல் துறையில் இருந்த இரண்டு குழாய்களையும் சூஃபியா வாங்கி வந்தாள். வெறும் நொதியை உள் சுவரோரம் வைத்தாள். பாசி கலந்ததைக் கதவோரம் வைத்தாள். சீலாவை அதே மாதிரி வளைத்து, வால் கதவைத் தள்ளும்படி விட்டாள். மற்றவர்களுடைய சாமான்களை நான் முன்கூட்டியே வேறு ஃப்ரீசருக்கு மாற்றியிருந்தேன்.

மறுநாள் காலை தட்டில் விட்டுப் பெராக்சைடை ஊற்றினோம். வெறும் நொதி நுரைத்தது. பாசி கலந்தது அசையவில்லை. நான் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு குமிழி வந்துவிடாதா என்று எனக்கே ஆற்றாமையாக இருந்தது. சூஃபியா அழுவாள் என்று நினைத்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

நாகநாதன் சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. "ஒத்தக் குழாயை வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்? முதல்ல வந்ததை எழுது. ரெண்டாவது ஒரு விபத்து" என்றார்.

"அப்படிப் பாத்தா ரெண்டுமே விபத்துதான் சார். ஒண்ணு நமக்குத் தோதா இருக்குன்னு அதை மட்டும் எப்படி எழுதுறது?"

மேசைமேல் சார் ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய சீலா பையில் இருந்தது. அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"புதுக் குப்பிக்கு ஆர்டர் போடு. வர்றதுக்குள்ள ஒன் விசா முடிஞ்சிருமேம்மா" என்றார்.

"தெரியும் சார்."

அன்று அவர் மீனைத் தொடாமல் கிளம்பப் பார்த்தார். சூஃபியாதான் பையை எடுத்துப்போய்க் காரில் வைத்தாள். வாப்பா கேட்டால் என்ன சொல்வது என்பது அவள் கவலை. அந்த வாரமே ஃபஹத்திடமும் பேசிவிட்டாள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கண் வீங்கியிருந்தது, அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இனிமேல் மீன் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஹமீது சுல்தானே கல்லூரி வாசலில் வந்து நின்றார். தொழுகைக்குப் போகும் வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் மீன் பை. பை சொட்டிக்கொண்டிருந்தது. சூஃபியாவோடு நானும் போனேன்.

"மீனு கெட்டுப் போயிருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா. நல்ல மீனு."

"பின்ன எதுக்கு வேணாம்ங்கிற? சாருக்கு எம் மேல எதுவும் மனத்தாங்கலா? மாப்பிள்ளை போன் போட்டு, பயணம் தள்ளிப் போச்சுன்னு சொல்றாரு. என்னமோ கெட்டுப்போச்சாமுல்ல. என்னன்னு அவருக்கே வெவரம் தெரியல."

நான் சூஃபியாவைப் பார்த்தேன். சாதகமாக வந்த முடிவைக்கூட ஆய்வேட்டில் எழுத மாட்டேன் என்று சாரிடமே பிடிவாதமாக நின்ற பெண் அவள். இப்போது வாப்பா முகத்தைப் பார்த்து, கண் சிமிட்டாமல் சொன்னாள்.

"ஃப்ரீசர் ரிப்பேராயிருச்சு வாப்பா. மிசின் பழசு. உள்ள இருந்த மருந்து வீணாப் போச்சு. மீனு வைக்க எடமில்ல, அதான் வேணாம்னேன்."

"அப்ப நான் அனுப்புன சீலா?"

"அது கெடல. சார் வீட்டுல எல்லாரும் நல்லாருந்துச்சுன்னு சொன்னாகளாம்."

அவருக்கு முகம் தெளிந்தது. மகளைப் போக விடாமல் செய்த அந்தப் பழைய மெஷினை ஒரு பாட்டம் திட்டினார். பிறகு பையை என்னிடம் நீட்டி, "நீயாச்சும் கொண்டு போ தாயி. எம் மகளைப் பாத்துக்க" என்றார்.

எனக்கு வாய் அதிகம் என்று டிபார்ட்மெண்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மீனை வாங்கிக்கொண்டு, "சரி பாய்" என்று மட்டும் சொன்னேன்.